ஆறாட்டன்று பறந்தது

எங்கள் வீட்டு விமானம் பறக்காமல் இருந்த வரைக்கும் நாங்கள் எல்லோரும் எப்படியோ சமாளித்துக்கொண்டுதான் இருந்தோம். அது பறந்த பிறகுதான் வீட்டுக்குள் சில பேச்சுகள் நின்றுபோயின. கேட்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எனக்கும் ரொம்ப நாள் வேடிக்கையாகத்தான் இருந்தது.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவுக்கு நேர் மேலேதான் வளைகுடாவிலிருந்து வரும் விமானங்கள் சக்கரத்தை நீட்டிக்கொண்டு இறங்கும். விமானம் வரும்போது பேச்சை நிறுத்திக்கொள்வதும், போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வதும் எங்கள் தெருக்காரர்களுக்குப் பிறவிப் பழக்கம். சண்டைகூட அப்படித்தான் நடக்கும். அந்த இடைவெளியில் கோபம் ஆறிப்போய், எதற்குச் சண்டை போட்டோம் என்று யோசித்தவர்களும் உண்டு. இப்படிப்பட்ட தெருவில் பிறந்த என் அண்ணா விமானப் பொறியியல் படிக்கக் கோயம்புத்தூருக்குப் போனதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. அப்பா சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அண்ணா போன பிறகு, தலைக்கு மேலே போகிற ஒவ்வொரு விமானத்தையும் ஏதோ சொந்தக்காரர் வருகிற மாதிரி நிமிர்ந்து பார்க்கத் தொடங்கினார்.

அண்ணா கடைசி வருஷப் பாதியில் பெட்டியோடு திரும்பி வந்தான். நிறைய பாடங்கள் பாக்கி இருக்கின்றன, வீட்டில் இருந்து படித்து எழுதப்போகிறேன் என்றான். எனக்கு ஒரே கொண்டாட்டம். வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்ததே என்று இருந்தது. அவன் வாசல் அறையை எடுத்துக்கொண்டான். புத்தகங்களை அடுக்கினான். அப்புறம் அவன் அந்தப் புத்தகங்களைத் திறந்து நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் அம்மா தோசை வார்த்துக்கொண்டே என்னடா ஆச்சு உனக்கு என்று மெதுவாகக் கேட்டாள். நான் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

“பரிட்சை ஹால்ல உக்காந்தா கை எழுதமாட்டேங்கறதும்மா. எல்லாம் தெரியறது. ஆனா கை நகரலே. வெறும் பேப்பரைக் கொடுத்துட்டு வந்துடறேன்” என்றான்.

அம்மா தோசைக்கல்லை இறக்கிவிட்டு, உப்பும் மிளகாயும் எடுத்து அவனை உட்காரவைத்துச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடியே வரவில்லை, அவ்வளவு கண் பட்டிருக்கிறது என்று அம்மா மூக்கைச் சிந்தினாள். எனக்குத் தும்மல்கூட வராததைப் பார்த்து அண்ணா சிரித்தான். நானும் சிரித்தேன். கை எழுதவில்லை என்ற பேச்சை அதற்குப் பிறகு வீட்டில் யாரும் எடுக்கவில்லை. கண் திருஷ்டி கழிந்த கணக்கில் சேர்ந்துவிட்டது.

அப்பாதான் பொறுமை இழந்தார். இத்தனை வருஷம் என்னதான் படித்தாய் என்று ஒரு நாள் கேட்டுவிட்டார். அண்ணா பதிலுக்கு, ஒரு விமானம் செய்து பறக்கவிட்டுக் காட்டுகிறேன் என்றான். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். அது பறந்தால் காலேஜுக்குப் போய் மிச்சப் பாடங்களை எழுத வேண்டும். பறக்காவிட்டால் கழக்கூட்டத்தில் சித்தப்பா நடத்தும் மெஸ்ஸில் போய் நிற்க வேண்டும். பங்குனி உற்சவம் முடிகிற ஆறாட்டு நாளுக்குள் இரண்டில் ஒன்று. அண்ணா சரி என்று தலையாட்டினான். இரண்டும் அவன் போக முடியாத இடங்கள் என்பது அந்தத் தலையாட்டலில் எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

அப்படித்தான் வாசல் அறையில் விமானம் உருவானது. பேனர் அடிக்கும் கடையில் வேலை செய்த அவனுடைய பள்ளிக்கூடத்து நண்பன், வேண்டாமென்று எறிந்த ஃபோம் போர்டைக் கொண்டுவந்து கொடுத்தான். அது ஏதோ என்ட்ரன்ஸ் கோச்சிங் சென்டரின் விளம்பரம். ரேங்க் வாங்கிய பெண் ஒருத்தி இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அண்ணா இறக்கைகளை வெட்டியதில் அவளுடைய ஒரு கண் இடது இறக்கைக்கும் ஒரு கண் வலது இறக்கைக்கும் போய்விட்டன. வாய் நடுவில் உடலுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. நான் அவளுக்கு ரேங்க் அக்கா என்று பெயர் வைத்தேன். படிக்காமல் திரும்பி வந்தவன் வீட்டில் ரேங்க் வாங்கியவள் கவிழ்ந்து படுத்துக்கொண்டிருப்பதில் அம்மாவுக்கு ஏதோ சங்கடம். கறுப்பு பெயின்ட் அடித்துவிடச் சொன்னாள். பெயின்ட் அடித்தால் கனம் கூடிவிடும் என்று அண்ணா மறுத்தான்.

மோட்டார், பேட்டரி, இறக்கையின் நுனிப் பலகைகளை அசைக்கும் குட்டி மோட்டார்கள், கையில் பிடித்து ஓட்டும் ரிமோட் எல்லாம் பார்சலில் வந்தன. முதல் தடவை மோட்டாரில் விசிறியை மாட்டிச் சுற்றவிட்டபோது அறையில் இருந்த காகிதங்கள் எல்லாம் விமானத்தின் வால் பக்கம் பறக்காமல் அதன் மூக்குக்கு முன்னால் சிதறின. மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது. என்ன செய்வது என்று அப்பா கவலைப்பட, அண்ணா மூன்று வயர்களில் ஏதோ இரண்டைக் கழற்றி மாற்றிச் சொருகினான். நேராகச் சுற்றியது. எந்த இரண்டை மாற்றினாலும் போதுமாம். இவ்வளவு சுலபமா என்று அப்பாவுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

முட்டத்தறைப் பக்கம் வீடு கட்டாமல் கிடந்த ஒரு பெரிய நிலத்தில் சோதனைகள் நடந்தன. முதல் நாள் அண்ணா எறிந்ததும் விமானம் மூக்கைத் தூக்கியது. நின்றது. வாலை முன்னால் விட்டு விழுந்தது. வால் கனமாம். மூக்குக்குள் பழைய தாழ்ப்பாள் ஆணிகளை வைத்துக் கட்டினான். அடுத்த முறை மேலே போ என்று ரிமோட்டின் குச்சியை இழுத்தால் கீழே போனது, கீழே என்றால் மேலே. ரிமோட்டில் ஒரு பொத்தானைத் தள்ளினால் சரியாகிற விஷயம். அதைக் கண்டுபிடிப்பதற்குள் விமானம் ஒரு தென்னையோடு மோதி ரேங்க் அக்காவுக்கு நெற்றி கிழிந்தது. ஒட்டினான். ஒட்டியதைக் காய வைக்கிறேன் என்று மொட்டைமாடியில் வெயிலில் வைத்துவிட்டு மறந்துபோனான். இறக்கை அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. புதிதாக வெட்டி ஒட்டியபோது பேட்டரி பூரியாக உப்பியிருந்தது. வேறு பேட்டரி வரவேண்டும் என்று காத்திருந்தோம்.

ஒவ்வொரு பழுதையும் அண்ணா அவ்வளவு ஆசையாகத் தேடினான். விழுந்த இடத்திலேயே மண்டியிட்டு உட்கார்ந்து, இது ஏன் இப்படிப் பண்ணித்து தெரியுமா என்று எனக்கு விளக்குவான். பழுது தெரியாத வரை அவன் முகத்தில் உயிர் இருந்தது. பழுதைச் சரிசெய்து முடித்த அன்று ராத்திரி சாப்பிடமாட்டான். எனக்குப் பழுதுகள் பிடித்திருந்தன, ஏனென்றால் ஒவ்வொரு பழுதும் அவனை இன்னும் பத்து நாள் வீட்டில் வைத்திருந்தது. அவனுக்கும் அதே காரணத்துக்காகத்தான் பிடித்திருந்தது என்று நினைக்க எனக்கு வயது போதவில்லை.

மாசி முடியும்போது பழுது தீர்ந்துவிட்டது. இனி என்ன குறை என்று யாராலும் சொல்ல முடியாத மாதிரி விமானம் மேசை மேல் உட்கார்ந்திருந்தது. அப்போது அண்ணா புதிதாக ஒன்றைச் சொன்னான். நிலத்துக்குப் பக்கத்தில்தான் ரன்வே. உயரமாகப் பறக்கவிட்டால் பெரிய விமானங்களுக்கு ஆபத்து, போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும். இத்தனை நாள் சும்மா ஆள் உயரத்துக்கு எறிந்து பார்த்தோம், நிஜமாகப் பறக்கவிட இந்த ஊரில் இடமே இல்லை என்றான். நியாயமான பேச்சுதான். அப்பா சட்டத்துக்குப் பயந்த மனிதர். சைக்கிளுக்கு லைட் இல்லாமல்கூட ஓட்டமாட்டார். அவர் ரெண்டு நாள் யோசித்தார். அவருடைய யோசனையின் முடிவு உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரருக்கும் தோன்றியிருக்காது.

எங்கள் ஊரில் ஆறாட்டன்று பெருமாள், கோவிலிலிருந்து புறப்பட்டு ரன்வேயைக் கடந்துதான் சங்குமுகம் கடலுக்குக் குளிக்கப் போவார். விமான நிலையம் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்து அது அவர் போகிற வழி. அதனால் அன்று சாயங்காலம் அவர் போய்த் திரும்புகிற வரைக்கும் ஒரு விமானமும் ஏறாது, இறங்காது. அப்பா வருஷா வருஷம் மேல்சட்டை இல்லாமல் பெருமாளுக்குப் பின்னால் போகிறவர். ரன்வேயில் வெறுங்காலோடு நடந்தவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கடையில் எல்லோரிடமும் கேட்பார்.

“ஆறாட்டன்னிக்கு சாயங்காலம் ஆகாசமே காலிடா. பெருமாள் நமக்காக நிறுத்திவெச்சிருக்கற மாதிரி. அன்னிக்குக் கடற்கரைல தெக்கே எங்கயாவது போயிப் பறக்கவிடு. நானும் வரேன்” என்றார்.

பெருமாள் ரன்வேயில் இருக்கும் நேரத்துக்குப் போலீஸ் விதிகளும் ஓய்வெடுத்துக்கொள்ளும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. அப்பாவுக்கு அந்தச் சந்தேகமே எழவில்லை. ஊருக்கே விமானத்தை நிறுத்துகிறவர் என் பிள்ளைக்கு ஒரு விமானத்தை விடமாட்டாரா என்பது அவர் கட்சி. அதைவிட எங்களைத் திகைக்கவைத்தது வேறு. பெருமாளுக்குப் பின்னால் போகாமல் கடற்கரைக்கு வருகிறேன் என்கிறாரே. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அண்ணாவின் கை மேசை மேல் இருந்த விமானத்தின் வாலைப் பிடித்துக்கொண்டிருந்தது. முகம் வெளிறிவிட்டது. சந்தோஷத்தில் என்று நினைத்தேன்.

ஆறாட்டன்று மதியத்திலிருந்தே தெருவில் கோலமும் தண்ணீர்த் தெளிப்புமாக இருந்தது. ஊரே மேற்கே போகும்போது நாங்கள் மூன்று பேரும் ஆட்டோவில் தெற்கே போனோம். விமானத்தின் உடல் என் மடியில், இறக்கை அண்ணாவின் மடியில். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, இது சங்குமுகத்துக்கோ சாரே என்று மலையாளத்தில் கேட்டார். இல்லை, இது வேறே எழுந்தருளல் என்று அப்பா சொன்னார். அப்பா தமாஷ் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை.

கரையில் இழுத்துப் போட்ட மீன்பிடி வள்ளங்களைத் தவிர யாரும் இல்லை. கடலிலிருந்து காற்று முகத்தில் அடித்தது. அண்ணா இறக்கையை ரப்பர் வளையங்களால் கட்டினான், பேட்டரியைச் சொருகினான், வாலை ஆட்டிப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. அவன் மறுபடி முதலிலிருந்து பார்த்தான். மூன்றாவது தடவையும் பார்க்க ஆரம்பித்தபோது அப்பா வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நான் எறியறேன் கொடு என்று கை நீட்டினார்.

எங்கள் அப்பா எதையும் எறிந்து நான் பார்த்ததில்லை. வாழைப்பழத்தோலைக்கூட நடந்து போய்ப் போடுகிறவர். அன்று விமானத்தைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஈர மணலில் நாலு எட்டு ஓடி, கண்ணை மூடிக்கொண்டு எறிந்தார். அது கொஞ்சம் தாழ்ந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். பிறகு மோட்டாரின் இரைச்சல் உயர்ந்தது, விமானம் காற்றின் மேல் ஏறிக்கொண்டது.

எவ்வளவு அழகாகப் பறந்தது என்று என்னால் சொல்ல முடியாது. நான் என்னவோ பொம்மை என்று நினைத்திருந்தேன். அது நிஜமாகப் பறந்தது. அலைகளுக்கு மேலே போய்த் திரும்பியது, கரையோடு வடக்கே போய் வள்ளங்களுக்கு மேலே வட்டம் போட்டது. எங்கள் தலைக்கு மேலே வரும்போது ரேங்க் அக்கா இரண்டு கண்ணையும் அகட்டிக்கொண்டு சிரித்தபடி போனாள். அண்ணா ஒன்றுமே செய்யாதவன் மாதிரி நின்றிருந்தான், கட்டைவிரல் மட்டும் அசைந்தது. அவன் படித்தது பொய் இல்லை. எல்லாம் தெரிகிறது என்று அம்மாவிடம் சொன்னானே, அது நிஜம்தான். எல்லாம் தெரிந்திருந்தது.

அப்பா அழுதார். அழுதுகொண்டே சிரித்தார். சங்குமுகம் இருக்கும் திசையைப் பார்த்துக் கையைக் கூப்பினார். பிறகு அண்ணாவின் தோளில் கையை வைத்து, அவரால் முடிந்த மிக அன்பான வார்த்தையைச் சொன்னார்.

“போறும்டா கொழந்தே, எறக்கிடு. காலம்பர டிக்கெட் எடுத்துடறேன், நீ காலேஜுக்குப் போ.”

அண்ணா தலையாட்டினான். விமானம் எங்களைத் தாண்டி வந்து, திரும்பி, கடலைப் பார்த்து நேரானது. இறக்குவதற்குத்தான் சுற்றிக்கொண்டு வரப்போகிறது என்று காத்திருந்தோம். அது திரும்பவில்லை. நேராகக் கடலுக்கு மேலே போயிற்று. இரைச்சல் தேய்ந்துகொண்டே போனது. கொஞ்ச நேரம் சூரியனுக்குக் கீழே ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. அதுவும் போய்விட்டது. சிக்னல் கிடைக்கலையா, சிக்னல் கிடைக்கலையா என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன்.

அண்ணா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தான். அவசரமே இல்லாமல் நடந்தான். ஒரு அலை முழங்காலை அடித்தது, அடுத்தது இடுப்பை அடித்தது, அவன் நிற்கவில்லை. எங்கள் பக்கத்துக் கடல் பத்து எட்டில் ஆழமாகிவிடும், நீச்சல் தெரிந்த மீன்காரர்களே மரியாதையோடு இறங்கும் கடல். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. அப்பா அண்ணாவின் பெயரைச் சொல்லிக் கத்தவில்லை. மூச்சுக்கூட விடாமல் ஓடினார். வேஷ்டி அவிழ்ந்து தண்ணீரில் போயிற்று, மூக்குக்கண்ணாடியும் போயிற்று. ஒரு அலை இரண்டு பேரையும் சேர்த்துப் புரட்டியது. அது விலகியபோது அப்பா அண்ணாவின் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தார். இருவரும் உப்புத் தண்ணீரைத் துப்பினார்கள். கொஞ்ச நேரம் கழித்து, பறந்துதே, அது மதி, அது போறும் என்று அப்பா சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

திரும்பும்போது அப்பா இடுப்பில் துண்டோடு ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார். அண்ணாவின் மணிக்கட்டை விடவே இல்லை. வாசலில் இறங்கி ஆட்டோக்காரருக்குக் கொடுக்க வேண்டியதையும் ஒரே கையால்தான் எடுத்துக் கொடுத்தார்.

தெருவில் இந்தக் கதை ரொம்ப நாள் ஓடியது. கதையைப் பரப்பியவள் நான்தான். விமானத்தைப் பிடிக்கக் கடலுக்குள் நடந்து போன அண்ணா, அண்ணாவைப் பிடிக்க வேஷ்டியில்லாமல் ஓடிய அப்பா என்று நடித்துக் காட்டுவேன். அம்மாகூடச் சிரித்திருக்கிறாள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. பெருமாளை விட்டுவிட்டுப் போனதற்குப் பெருமாள் விமானத்தை எடுத்துக்கொண்டார் என்று மூன்றாம் வீட்டு மாமி தீர்ப்புச் சொன்னாள். கதை சொல்லும்போது அண்ணா அறைக்குள் இருப்பான். ஒரு தடவைகூட வெளியே வந்து அப்படி இல்லை என்று சொல்லவில்லை.

பல வருஷம் ஓடிவிட்டது. கழக்கூட்டத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவன் இந்த மாதிரி விமானங்கள் விடுகிறவன். பேச்சுவாக்கில் இந்தக் கதையை அவனுக்கும் நடித்துக் காட்டினேன். அவன் சிரிக்கவில்லை. சிக்னல் போனால் மோட்டார் தானாக நின்றுவிடும், கடற்காற்று அதைக் கரைக்கே தள்ளிக்கொண்டு வந்திருக்கும், அவ்வளவு தூரம் எதிர்க்காற்றில் நேராகப் போக வேண்டுமானால் யாராவது ஓட்டிக்கொண்டே இருந்திருக்க வேண்டும் என்றான். நான் சிரித்துக்கொண்டிருந்த முகத்தை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். விமானம் கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகுதான் அண்ணா தண்ணீரில் இறங்கினான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணுக்குத் தெரியாததைப் பிடிக்க யாரும் கடலுக்குள் போவதில்லை.

அண்ணா கடைசி வரைக்கும் அந்தப் பாடங்களை எழுதவில்லை. வெகு நாள் கழித்துத் தானாகவே சித்தப்பாவின் மெஸ்ஸுக்குப் போனான். இப்போதும் அங்கேதான் இருக்கிறான். என் ஆபீஸிலிருந்து எட்டும் தூரம்தான், மத்தியானம் போனால் எனக்கு மட்டும் அப்பளம் இரண்டாகப் போடுவான். விமானம் என்ற சொல்லை நாங்கள் இருவரும் பேசுவதில்லை.

அப்பாவுக்கு மட்டும் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த ஆறாட்டுக்குப் பிறகு அவர் டிக்கெட்டைப் பற்றி வாயைத் திறக்கவில்லை, மெஸ்ஸைப் பற்றியும் திறக்கவில்லை. அன்றிலிருந்து அவர் தன் பாயை எடுத்துக்கொண்டு வந்து வாசல் அறையின் கதவுக்குக் குறுக்கே விரித்துப் படுக்க ஆரம்பித்தார். பங்குனி, சித்திரை போய் மழைக்காலம் முழுவதும் அங்கேதான் படுத்தார். அறையிலிருந்து வெளியே வருகிறவர் அவரைத் தாண்டித்தான் வர வேண்டும். உள்ளே புழுக்கமாக இருக்கிறது, இங்கேதான் நல்ல காற்று என்று அம்மாவிடம் சொல்வார். அப்போது எனக்கு அது புரியவே இல்லை. அந்த இடத்துக்கு ஃபேன் காற்று எட்டாது, ஜன்னலும் கிடையாது, நீ ஏன்பா இங்கே வந்து வேர்த்துக்கொண்டு கிடக்கிறாய் என்று தினமும் படுக்கப் போகும்போது அவரிடம் கேட்டுவிட்டுத்தான் போவேன்.